வேட்டி காயப்போட்ட அருவி

“ஏன் தம்பி, எங்களுக்குப் பின்னால யாரு வேட்டியக் காயப்போட்டது?”

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து குற்றாலத்துக்கு வந்திருந்த ஒரு அம்மா, நான் கொடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டார். 1986 சாரல் சமயம். தென்காசியில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. சீசன் வந்துவிட்டால் ஸ்டுடியோவைத் தம்பியிடம் விட்டுவிட்டு, விடியற்காலையே சைக்கிளில் குற்றாலம் போய்விடுவேன். கழுத்தில் யாஷிகா மேட், பையில் ஊட்டி இந்து ஃபிலிம் நாலு ரோல். ரோலுக்கு 12 படம். பேரருவி தெரிகிற மாதிரி குடும்பத்தை நிறுத்தி எடுத்து, ராத்திரி கழுவி, பிரிண்ட் போட்டு, மறுநாள் அவர்கள் லாட்ஜைக் காலி பண்ணுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்க வேண்டும். அப்படிக் கொண்டுபோன படம்தான் அது.

முகங்களில் குறை இல்லை. கடைசிப் பையனின் ஈரத் தலையில் சீப்பு ஓடின கோடு வரைக்கும் தெளிவு. பின்னால் அருவி இருக்க வேண்டிய இடத்தில்தான் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. வேட்டி என்றால்கூடக் கரை இருக்கும், மடிப்பு இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா கேலி பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்கு உறைத்தது.

நடந்தது இதுதான். அவர்கள் மரநிழலில் நின்றார்கள். அருவியின் மேல் காலை வெயில். நிழலில் நிற்கிற மாநிற முகம் வர வேண்டுமென்றால் லென்ஸைத் திறக்க வேண்டும். திறந்தேன். முகம் வந்தது, தண்ணீர் போயிற்று. அன்று ராத்திரி டார்க் ரூமில் நெகட்டிவைத் திரும்ப எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். அருவி இருந்த இடம் கன்னங்கரேலென்று இருந்தது. வெளிச்சம் எங்கே மிஞ்சிப் போகிறதோ அங்கேதான் நெகட்டிவில் இருட்டு. அதற்குள் பிரிண்ட் போடும் விளக்கு நுழையாது. அட்டையில் ஓட்டை போட்டு அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டினேன். பதினைந்து விநாடி, முப்பது, ஒரு நிமிஷம். வேட்டி அழுக்கு வேட்டி ஆனதுதான் மிச்சம்.

மேலகரத்தில் என் தாய்மாமா இருந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கும் தனக்கும் ஒரே ஊர் என்பதில் அவருக்குச் சொத்து சேர்த்ததுபோல ஒரு பெருமை. ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரைத் திண்ணையில் உட்காரவைத்துச் சைவ சித்தாந்தம் சொல்லிக்கொடுப்பார். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. அத்தை போடும் காப்பிக்காகப் போவேன். அந்த வாரம் படத்தையும் நெகட்டிவையும் கொண்டுபோய், வேட்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. நெகட்டிவை வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இருட்டுக்கு ஒரு நாணயம் உண்டு மருமவனே. பொருளைத்தான் மறைக்கும், தன்னை மறைக்காது. இருட்டா இருக்குன்னு ஒனக்குத் தெரியும்லா? உயிர மூடுற ஆணவ மலம் அப்பிடி இல்ல. பொருளையும் மறைச்சிரும், மறைச்சிருக்கேங்கிறதையும் மறைச்சிரும். உமாபதி சிவம் திருவருட்பயன்ல இதைத்தான் சொல்லுதாரு.” பிறகு படத்தைத் தட்டிக் காட்டினார். “இந்த எடத்துல கறுப்பா இருந்துருந்தா அந்தம்மா என்ன கேட்டிருக்கும்? ‘ஏன் தம்பி, இருட்டா இருக்கு’ன்னு கேட்டிருக்கும். வெள்ளையா இருந்ததால வேட்டின்னு நெனச்சுட்டு.”

பதினாலாம் நூற்றாண்டில் ஒருவர் நூறு குறள் எழுதினார், அதில் ஒன்று என் டார்க் ரூமுக்குள் வந்து உட்காரும் என்று யார் கண்டது? அன்றைக்கு அது வாத்தியார் சாமர்த்தியம் என்றுதான் தோன்றியது. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

குற்றாலத்து வெளிச்சத்தைப் போல வம்பு பிடித்த வெளிச்சத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மலை மேற்கே. பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். அதிலும் ஒரே மூச்சில் விழுவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே நிரம்பிக் கொப்பளித்து, அப்புறம் கீழே பாய்கிறது. காலை வெயில் முதலில் மலையின் நெற்றியில் படும். பிறகு ஏணியில் இறங்குவதுபோல ஒவ்வொரு பாறையாக இறங்கும். பொங்குமாங்கடலுக்கு மேலே தண்ணீர் சுண்ணாம்பு அடித்ததுபோல மின்னும்போது, கீழே குளிக்கிறவர்கள் இன்னும் நிழலில்தான் நிற்பார்கள். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னே போய்விட்டால் அருவி முழுக்க நிழல், மேலே வானம் மட்டும் வெளேரென்று. இதற்கு நடுவில் சாரல். மேகம் மூடும், தூறும், தூறலுக்குள்ளேயே வெயில் அடிக்கும். மீட்டரைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் ரெண்டு ஸ்டாப் மாறியிருக்கும். லென்ஸில் பொடித் தண்ணீர் வேறு. துண்டால் துடைத்தால் துண்டும் ஈரம். கடைசியில் பனியனின் உள்பக்கத்தைத் தூக்கித் துடைப்பேன். பக்கத்தில் எண்ணெய் மசாஜுக்கு ஆள் பிடிப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் ஒரு அப்பாவி. உலகமே சராசரியில் சாம்பல் நிறம் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கறுத்த பாறையைக் காட்டினால், பாவம் இருட்டு என்று வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கும். வெள்ளைத் தண்ணீரை மட்டும் காட்டினால் குறைத்துச் சாக்கடைத் தண்ணீராக்கும். பாறை முக்கால் பங்கும் தண்ணீர் கால் பங்கும் இருக்கிற படத்தில், பெரும்பான்மையான பாறையின் பேச்சைக் கேட்டுத் தண்ணீரைப் பலி கொடுக்கும். தண்ணீருக்கு அளந்து பாறையை இருட்டில் விட்டுவிட வேண்டும் என்பது எந்தத் தொழில்காரனுக்கும் தெரியும். ஆனால் என்னிடம் வந்தவர்கள் தங்கள் முகத்துக்குத்தானே காசு கொடுத்தார்கள்? அதனால் இருபது வருஷம் சீசனுக்குச் சீசன் நான் வேட்டி காயப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

டிஜிட்டல் வந்த பிறகுதான் அருவியை அருவிக்காக எடுக்க ஆரம்பித்தேன். 2009 வாக்கில் சென்னையில் ஒரு கடையில் என்டி ஃபில்டர் வாங்கினேன். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். ஆறு ஸ்டாப் குறைக்கும். வருகிற வெளிச்சத்தில் 64இல் ஒரு பங்குதான் உள்ளே போகும். விநாடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டிய ஷட்டரை ஏறக்குறைய ஒரு முழு விநாடி திறந்துவைக்கலாம். மாட்டிவிட்டால் வ்யூஃபைண்டரில் அநேகமாக ஒன்றும் தெரியாது. முதலில் கண்ணாடி இல்லாமல் பார்த்து ட்ரைபாடை ஊன்றி, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, அப்புறம் கண்ணாடியை மாட்ட வேண்டும். அப்படி எடுத்த முதல் படத்தில் தண்ணீர் ஆவிபோல, நூல்போல, ஒரே இழுவையாக வந்திருந்தது. வெள்ளைக்குள் வெள்ளையில் நூறு விதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே மேலகரத்துக்கு ஓடினேன்.

மாமாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. படத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார். “தண்ணியா இது? பஞ்சுமிட்டாயால்லா இருக்கு!”

கோபத்தோடு கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்து, எப்படி எடுத்தேன் என்று சொன்னேன். வாங்கிக் கண்ணில் வைத்து முற்றத்து வெயிலைப் பார்த்தார். கொடிக்கம்பி, துளசி மாடம், அத்தை காயப்போட்டிருந்த வடகம் எல்லாவற்றையும் பார்த்தார். “இதை மாட்டுனாத்தான் தண்ணி தெரியுதுங்கியா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்போ இது திரோதானம்லா,” என்றார்.

சித்தாந்தத்தில் இறைவனுக்கு ஐந்து தொழில். படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் ஊருக்கே தெரியும். அருளல் நாம் எல்லாரும் கேட்பது. நடுவில் மறைத்தல் என்று ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் திரோதானம் என்று பெயர். எனக்கு அது பிடிபட்டதே இல்லை. மறைப்பது கடவுளின் வேலை என்றால் ஆணவத்துக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? மாமாவிடம் அதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், “நாளைக்குக் காலம்பற வா, சித்திரசபைக்குப் போவோம்,” என்றார்.

நடராசருக்கு ஐந்து சபை. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். குற்றாலநாதர் கோயிலை விட்டுத் தள்ளி, தெப்பக்குளத்தின் முன்னால் தனியாக இருக்கிறது. இங்கே அவர் செப்புத் திருமேனி இல்லை, சுவரில் எழுதிய ஓவியம். ஊர் முழுக்க மனிதர்கள் தலைக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்க, இந்த ஒருவரைக் குளிப்பாட்ட முடியாது, சாயம் போய்விடும். பேரருவியின் பாறையில் செதுக்கிய லிங்கங்கள் இருக்கின்றன. தண்ணீர் மெலிந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், சாரல் பெருகினால் அவை இருப்பதே தெரியாது. தெரியாத நாளெல்லாம் அவற்றுக்கு ஓயாத அபிஷேகம். தெரிகிறவருக்கு ஒரு சொட்டு கிடையாது. இதை யார் யோசித்து இப்படி வைத்தார்களோ!

சித்திரசபைக்குள் நான் ஒருநாளும் கேமராவை வெளியே எடுத்ததில்லை. வெயிலிலிருந்து உள்ளே போனால் முதலில் ஒன்றும் புலப்படாது. நிற்க நிற்க ஒவ்வொரு நிறமாக வரும். காவி முதலில், பச்சை கடைசியில் என்று எனக்கு ஒரு கணக்கு. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உடுக்கை படைப்பு, அபயக்கை காப்பு, தீ அழிப்பு, தூக்கின திருவடி அருள். உண்மை விளக்கம் படிச்சவன் எல்லாரும் இதைச் சொல்லுவான், தூக்கின காலையே பாப்பான். ஊனுன காலைப் பாரு. அதுதான் மறைப்பு. அது ஊனாம மத்தத எப்பிடித் தூக்குவாரு?”

வெயிலில் நடந்து வந்த களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, “ஒன் கண்ணாடி ஒளிக்க வந்ததா, காட்ட வந்ததா? அதுதாம்ல வித்தியாசம்,” என்றார்.

நான் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகிற ஒருவரை ஷட்டரில் பிடித்தால், படத்தைப் பார்க்கிறவன் மனசு தூக்கிய கால் எப்போது தரையில் வரும் என்று காத்திருக்கும். கல்யாண வீட்டு ஆல்பத்தில் சாடிக் குதிக்கிற பையன்களைப் பார்த்தால் இது தெரியும். சித்திரசபையில் அந்தக் கால் கீழே வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஏன்? எழுதியவன் நாள்கணக்கில், கோடு கோடாக எழுதினான். அதில் நூற்று இருபத்தைந்தில் ஒரு விநாடி என்கிற சமாசாரமே இல்லை என்பதாலா? அது மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அருவிப் படத்தில் எந்த ஷட்டர் வேகம் உண்மை என்று போட்டோக்காரர்கள் கூடினால் சண்டை நடக்கும். ஆயிரத்தில் ஒரு விநாடி வைத்தால் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணியாக அந்தரத்தில் நிற்கும். துளி தெரியும், விழுகை மறையும். ஒரு விநாடி வைத்தால் விழுகை தெரியும், துளி மறையும். 1838இல் பாரிஸில் தாகேர் ஒரு தெருவைப் படமெடுத்தார். பல நிமிஷம் ஒளி பட்டால்தான் அந்தத் தகட்டில் உருவம் பதியும். நடந்தவர்கள், ஓடிய வண்டிகள் எல்லாம் மாயம். ஷூவுக்குப் பாலீஷ் போட நின்ற ஒருத்தர் மட்டும் பதிந்திருக்கிறார். மறைக்காத படம் என்று ஒன்று முதலிலிருந்தே இல்லை. நடுவாந்தரமாகப் பதினைந்தில் ஒன்று வை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும் என்பார்கள். அது துளியையும் பாதி மறைக்கும், விழுகையையும் பாதி மறைக்கும், ரெண்டுங்கெட்டான்.

என் கட்சி வேறு. எந்த மறைப்பு தன்னை ஒப்புக்கொள்கிறது என்று பார்ப்பேன். பஞ்சுமிட்டாய்ப் படத்தைப் பார்த்து நிஜத் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் ஏமாறுவதில்லை, மாமாவே ஏமாறவில்லை. அந்தரத்தில் நிற்கும் மணிகளைக் காட்டினால், ‘அடடா, அப்படியே இருக்கு’ என்கிறார்கள். அப்படியே எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. ஆகையால் பஞ்சுமிட்டாய்தான் நாணயமான படம் என்று நான் சாதித்துக்கொண்டு திரிந்தேன். பேத்தி பெரியவளானபோது போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். “தாத்தா, ஒங்க கேமராவுல வராததெல்லாம் இதுல வந்துருக்கு.” வந்துதான் இருந்தது. பாறையின் பாசி, வெயிலில் தண்ணீர், நிழலில் குளிப்பவர்கள், வானத்து மேகம், ஒன்று விடாமல். போன் ஒரே அமுக்கில் வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களை எடுத்து, தானே ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. எல்லாம் தெரிந்தது, அருவி மட்டும் விழவில்லை. மறைத்ததும் தெரியவில்லை, ஒட்டியதும் தெரியவில்லை. இதுதான் மாமா சொன்ன ஆணவம் என்று பேத்தியிடம் ஒரு பிரசங்கமே பண்ணினேன். அவள் போனை வாங்கிக்கொண்டு ரம்புட்டான் வாங்கப் போய்விட்டாள்.

கண்ணும் அதைத்தானே செய்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாறையைப் பார்க்கும்போது பாவை விரிகிறது, தண்ணீருக்குப் போகும்போது சுருங்குகிறது, மூளை ரெண்டையும் ஒட்டிவிடுகிறது. அதுவும் போகட்டும், பேரருவியை ஒரு நிமிஷம் வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை மெல்ல மேலே ஏறும். சின்ன வயசில் இதைச் சொல்லி அம்மாவிடம் திருநீறு பூசிக்கொண்டிருக்கிறேன். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துவிட்டு இதையே எழுதிவைத்திருக்கிறார் என்று பின்னாளில் தெரிந்தது.

மாமா போய் ஏழு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கண்புரை என்றார்கள். எனக்கு நம்பிக்கையில்லை, பார்வை மங்கவில்லையே, வெள்ளை வெள்ளையாகத்தானே தெரிகிறது என்று வாதாடினேன். திருநெல்வேலியில் முதலில் இடது கண்ணில் ஆபரேஷன். வலது கண்ணுக்கு மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு ஆடி மாதக் காலையில், கேமராவோடு பேரருவிக்கு எதிரே நின்றேன். வெயில் அப்போதுதான் பொங்குமாங்கடல் வரை இறங்கியிருந்தது. சும்மா ஒரு கண்ணை மூடினேன். பழைய கண்ணுக்கு அருவி, அலமாரியில் கிடந்த பழைய தாள் நிறத்தில் விழுந்தது. அந்தக் கண்ணை மூடி மற்றதைத் திறந்தேன். நீலம் ஓடிய வெள்ளை, சொட்டு நீலம் போட்டு அலசியதுபோல. மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டே நின்றேன். குளித்துவிட்டு வந்த ஒருவர், “கண்ணுல சோப்பு பட்டுட்டா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

எத்தனை வருஷமாக அந்த மஞ்சளை நான் வெள்ளை என்று நம்பியிருந்தேன்? இன்னொரு கண்ணைத் திறந்து கொடுத்திருக்காவிட்டால் சாகும்வரை தெரிந்திருக்காது. இருட்டியிருந்தால் என்றைக்கோ டாக்டரிடம் போயிருப்பேன்.

அன்றைக்கு ஒரு படம் எடுத்தேன். தண்ணீருக்கு மட்டும் அளந்தேன். பாறை, மரம், ஆட்கள் எல்லாம் கறுப்பாகப் போனால் போகட்டும். கறுப்புக் கண்ணாடி, ஒரு விநாடி. வ்யூஃபைண்டரில் நான் வைப்பது வலது கண், பழைய கண். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நிறம் சரிபண்ண உட்கார்ந்தால் வில்லங்கம் ஆரம்பித்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பதிப்பு, வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பதிப்பு. ரெண்டும் ரெண்டு அருவி.

அதோடு விடவில்லை. பழைய கல்யாண ஃபைல்களையும் திறந்தேன். பட்டு வேட்டி நீலம், மல்லிகைப்பூ நீலம். மனசில் இருந்த வெள்ளைக்காக, எல்லாம் மஞ்சளாகத் தெரிந்த கண்ணோடு, வருஷக்கணக்காக நீலத்தை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். எனக்கு பிரிண்ட் போடும் லேப்காரர் முன்பு ஒருமுறை, “அண்ணாச்சி, ஒங்க ஃபைல் எல்லாம் நீலமா வருது, கொறைச்சுப் போடவா?” என்று கேட்டிருந்தார். “மொதல்ல ஒம் மெஷினப் பாரு,” என்று கத்திவிட்டு வேறு லேபுக்கு மாறியவன் நான். பேத்திக்கு ஆணவத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியதும் ஏறக்குறைய அதே காலம்தான்.

இரண்டாவது கண்ணும் சரியான பிறகு அந்தப் பழைய லேப்காரருக்கு போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். “அது கெடக்கு அண்ணாச்சி, இப்போ நல்லா தெரியுதுல்லா?” என்றார். அருவிப் படத்தின் இரண்டு பதிப்பையும், எந்தக் கண்ணுக்கு எது என்று சொல்லாமல் அனுப்பிவைத்தேன். ரெண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

“ரெண்டும் சரியில்ல அண்ணாச்சி. ஒண்ணு நீலம் தூக்கலா இருக்கு. இன்னொண்ணுல நீலம்னா பயந்தவன் மாதிரி மஞ்சளைப் போட்டு அமுக்கியிருக்கிய. நடுவுல ஒண்ணு நானே போட்டு வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து பாருங்க.”

ஐந்து மணி பஸ்ஸில் போனேன்.